வாசகரைக் கேட்காமல் வைத்த வாசல்

"மாணவர்களுக்கு நூலக இணையதளத்தைப் பயன்படுத்தத் தெரியவில்லை. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்." போன மாதம் ஒரு கல்லூரி விழாவில் மேடையில் இருந்த பெரியவர் ஒருவர் இப்படிச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. பக்கத்தில் இருந்த நண்பர், "என்ன ஐயா, உடம்பு சரியில்லையா?" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்த வாக்கியம்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

முப்பத்தெட்டு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். அந்த வாக்கியத்தின் அண்ணன் தம்பிகள் எல்லோரையும் எனக்குத் தெரியும். "ஜனங்களுக்கு ஃபாரம் நிரப்பத் தெரியவில்லை." "ஜனங்களுக்கு எந்தக் கவுண்டருக்குப் போகவேண்டும் என்று தெரியவில்லை." "போர்டில் எழுதித்தானே வைத்திருக்கிறது, படிக்கக்கூடாதா?" அலுவலகத்தில் எது தவறினாலும் தவறு கவுண்டருக்கு வெளியே நிற்பவனுடையது. உள்ளே உட்கார்ந்திருப்பவனுடையதாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. அதில் ஏழாவது கட்டத்தில் "முன் தொடர்பு எண்" என்று ஒரு கேள்வி. அது என்னவென்று விண்ணப்பிக்க வந்தவர்களுக்கும் தெரியாது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த எங்களுக்கும் தெரியாது. பாதி மனுக்கள் அந்த ஒரு கட்டத்துக்காகத் திரும்பிப் போகும். வாசலில் பூவரச மரத்தடியில் ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டரோடு மனு எழுதுகிறவர் உட்கார்ந்திருப்பார். ஜனங்கள் எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறார்கள், எதைப் படித்து விழிக்கிறார்கள், எதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அதுதான் அவருடைய பிழைப்பே. படிவத்தைத் திருத்துவதற்கு ஒரு கமிட்டி போட்டார்கள். நான்கு அதிகாரிகள். நான்கு பேரும் ஆயுளில் ஒருமுறைகூட அந்தப் படிவத்தை நிரப்பியவர்கள் அல்ல. பத்தடி தூரத்தில் இருந்த மரத்தடிக்காரரை ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் புதுப் படிவம் வந்தது. ஏழாவது கட்டத்தில் இருந்த கேள்வி பதினொன்றாவது கட்டத்துக்கு மாறியிருந்தது. அவ்வளவுதான்.

நம் கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களின் இணையதளங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கமிட்டிதான் ஞாபகம் வருகிறது.

கிழவனுக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் கேட்கலாம். பணக் கணக்குச் சொல்கிறேன். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. உலகத்தின் 30 பெரிய பதிப்பகங்கள் வெளியிடும் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களுக்கு அரசாங்கமே மொத்தமாகச் சந்தா கட்டுகிறது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று வருஷங்களுக்கு 6,000 கோடி ரூபாய். 6,300 அரசு நிறுவனங்களில் படிக்கிற, பாடம் நடத்துகிற, ஆராய்ச்சி செய்கிற ஒரு கோடியே எண்பது லட்சம் பேர் இதனால் பயன்பெறுவார்கள் என்று அறிவித்தார்கள். குமாஸ்தா புத்தி, உடனே வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 3,333 ரூபாய். வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்.

நல்ல திட்டம். மனசாரச் சொல்கிறேன். ஒரே ஒரு கட்டுரையைத் தனியாக வாங்கினால் முப்பது, நாற்பது டாலர் கேட்கிறார்கள். ஒரு தினக்கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அது எட்டாத காசு. அந்தப் பெண்ணுக்கு அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கதவு எங்கே இருக்கிறது? அவள் கல்லூரியின் நூலகப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் அவளால் கதவைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அவள் பங்குக்குக் கட்டிய 3,333 ரூபாயும் வெளிநாட்டுப் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்ததுதான் மிச்சம்.

நூலகப் பக்கம் எப்படி இருக்கிறது என்று நான் பார்த்தவற்றை வைத்துச் சொல்கிறேன். கல்லூரியின் முதல் பக்கத்தில் 'நூலகம்' என்ற சொல்லே இருக்காது. 'வசதிகள்' என்பதைத் தொட்டால் விடுதி, கேன்டீன், உடற்பயிற்சிக் கூடம், ஜெனரேட்டர் இவற்றோடு நூலகமும் வரிசையில் நிற்கும். உள்ளே போனால் மேலே ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்து. ரிப்பன் வெட்டும் படம், குத்துவிளக்கு ஏற்றும் படம். பிறகு ஒரு வரவேற்புரை. நூலகம் எத்தனை சதுர அடி, எத்தனை ஆயிரம் புத்தகம், எத்தனை நாற்காலி. பிறகு பன்னிரண்டு விதிகள், அதில் ஒன்பது 'கூடாது' என்று முடியும். இதெல்லாம் யாருக்காக? மாணவனுக்காகவா? நாக் குழு வரும் நாளுக்காக. அந்தக் குழு வந்து பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டுப் போய்விடும். மாணவன் அங்கேயே இருக்கப்போகிறவன்.

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் 'எக்ஸ்கேசிடி' என்ற கேலிச்சித்திரத் தொடர் வரைகிற ராண்டல் மன்ரோ 2010-இல் இரண்டு வட்டங்கள் வரைந்தார். ஒன்று, பல்கலைக்கழகத்தின் முதல் பக்கத்தில் இருப்பவை. இன்னொன்று, ஜனங்கள் அங்கே தேடிப் போகிறவை. இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர். இணையதளம் செய்கிறவர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நம்மவர்கள் அதைப் பார்த்திருந்தால் முழுப் பெயரோடு சின்னத்தையும் சேர்த்திருக்கிறோமே என்று சொல்லியிருப்பார்கள்.

அடுத்தது சொற்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. எங்களுக்கு 'லிப்ரெரி' என்றால் புத்தகக் கடை. நூலகம் என்றால் 'பிப்லியொதேக்'. ஆங்கிலம் தட்டுத் தடுமாறிப் படிக்க ஆரம்பித்த வயதில் 'லைப்ரரி' என்ற போர்டைப் பார்த்துவிட்டு, கையில் காசில்லையே என்று திரும்பிப் போன பையன்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். சொல் கதவைத் திறக்கும், சொல்லே கதவைச் சாத்தவும் சாத்தும். ரோமன் ரோலன் நூலகத்தில் (1827-இல் தொடங்கியது, அந்தப் பெயர் வைத்தது 1966-இல்) இந்தச் சங்கடம் வந்ததில்லை. அங்கே பலகையைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. மேஜைக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். "என்ன தம்பி வேணும்?" என்று கேட்டார். பையன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவர் புரிந்துகொண்டு எடுத்துக் கொடுத்தார். 'ஃபிஷியே' என்று நாங்கள் சொன்ன அட்டை இழுப்பறையைத் திறக்கத் தெரியாதவனும் புத்தகத்தோடுதான் வீட்டுக்குப் போனான். இப்போது அந்த மனிதர் இருந்த இடத்தில் ஒரு திரை இருக்கிறது. அது எதையும் கேட்பதில்லை.

அந்தத் திரையில் என்ன எழுதியிருக்கிறது? 'ஓபேக்' என்று எழுதியிருக்கிறது. நூலகப் பட்டியலுக்கு அவர்கள் வைத்திருக்கிற சுருக்கப் பெயர், நான்கு ஆங்கில எழுத்து. பிரெஞ்சில் 'ஒபாக்' என்று ஒரு சொல் உண்டு. ஒளி ஊடுருவாதது என்று பொருள். ஆங்கிலத்திலும் அதே பொருளில் அந்தச் சொல் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான பெயரை யாராலும் வைத்திருக்க முடியாது! அதற்குக் கீழே 'இ-ரிசோர்சஸ்', 'டேட்டாபேஸ்', 'சீரியல்ஸ்', 'ரிமோட் ஆக்சஸ்', 'ஃபெடரேட்டட் லாகின்'. சீரியல் என்றால் நம் வீட்டுப் பெண்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிரான்ஸ்காரர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. அவர்களுடைய பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டுப் பட்டியலுக்குப் பெயர் 'சூதொக்'. விளக்கம் சொன்னால்தான் விளங்கும்.

கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் கூப்பர்ஸ்மித் என்ற நூலகர் ஒரு காரியம் செய்தார். பல நூலகங்கள் வாசகர்களை உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்த முடிவுகளையெல்லாம் வருஷக்கணக்காகத் திரட்டி, எந்தச் சொல் புரிகிறது, எந்தச் சொல் புரியவில்லை என்று தொகுத்தார். புரியாத சொற்களின் பட்டியலில் இருந்தவை என்ன தெரியுமா? சுருக்கெழுத்துப் பெயர்கள், வியாபாரப் பெயர்கள், டேட்டாபேஸ், இண்டெக்ஸ், பீரியாடிக்கல், சீரியல், ரிசோர்ஸ், இன்டர்லைப்ரரி லோன். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள பிள்ளைகளுக்கே இந்தக் கதி. 'புத்தகம் தேட', 'கட்டுரை தேட' என்று வீட்டுப் பேச்சில் எழுதினால் புரிந்துகொள்கிறார்கள் என்பதும் அதே சோதனைகளில் தெரிந்தது. இது தெரிந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. நம் பக்கங்களில் அதே சொற்கள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

எங்கள் தெருவில் ஒரு பெண் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என்னைத் தாத்தா என்பாள். போன மாதம் ஒருநாள் சாயங்காலம் செல்போனோடு வந்தாள். "தாத்தா, இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு வரச் சொல்லியிருக்காங்க. காசு கேக்குது. உங்க பையன்கிட்ட சொல்லி வாங்கித் தர முடியுமா?" என் பையன் பாரிஸில் இருப்பதால் அவனிடம் உலகத்துச் சாவியெல்லாம் இருப்பதாகத் தெருவில் ஒரு நம்பிக்கை. அவளுடைய கல்லூரி அந்தச் சந்தாத் திட்டத்தில் இருப்பது எனக்குத் தெரியும். "உன் காலேஜ் லைப்ரரி வழியாப் போய்ப் பாரேன்" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரிப் பக்கத்தில் நூலகத்தைக் கண்டுபிடிக்க நான்கு நிமிஷம். முதலில் 'மாணவர்' என்பதைத் தொட்டாள், அங்கே இல்லை. 'கல்வி' என்பதைத் தொட்டாள், அங்கேயும் இல்லை. 'வசதிகள்' என்பதை அவள் தொடவே இல்லை, நூலகத்தை ஒரு வசதி என்று அவளுக்குத் தோன்றவில்லை. கடைசியில் கூகுளில் கல்லூரிப் பெயரையும் லைப்ரரி என்ற சொல்லையும் போட்டுத்தான் உள்ளே வந்தாள். தன் வீட்டுக்குள் நுழைய அடுத்த தெருவில் வழி கேட்டது போல. நூலகப் பக்கத்தில் தேடும் கட்டம் ஒன்று இருந்தது. கட்டுரைத் தலைப்பை அதில் போட்டாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. அது அலமாரியில் இருக்கும் புத்தகங்களை மட்டும் தேடுகிற கட்டம் என்று அவளுக்கு யார் சொல்வது? "நம்ம காலேஜ்ல இல்ல தாத்தா" என்று மூடப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. தனக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்பது போல ஒரு முகம். அதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது.

வாயைத் திறக்காமல் இருப்பது சாமானியமான காரியம் அல்ல என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தாள். நிறுவன வழி நுழைவு என்று ஒரு இணைப்பு. தொட்டதும் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்துகிற நுழைவு ஏற்பாட்டுக்குப் போனது. நிறுவனத்தைத் தேர்ந்தெடு என்றது. நீளமான பட்டியல். ஊரார் அந்தக் கல்லூரியைக் கூப்பிடும் பெயர் அதில் இல்லை, கெஜட்டில் உள்ள முழுப் பெயர் இருந்தது. அதையும் கண்டுபிடித்தாள், கெட்டிக்காரிதான். பிறகு பயனர் பெயர், கடவுச்சொல். அது அவளிடம் இல்லை. அதை எங்கே வாங்குவது என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. மறுநாள் நூலகத்தில் கேட்டதில், ஒரு படிவம் நிரப்பித் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்றார்களாம். மறுபடியும் படிவம்!

இருபது நிமிஷத்தில், ஐந்து இடத்தில் அவள் தடுக்கி விழுந்தாள். ஐந்தையும் ஒரு பழைய டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். ஐந்தில் நான்கு ஒரு மணி நேரத்தில் சரிசெய்யக் கூடியவை. 'நூலகம்' என்ற சொல்லை முதல் பக்கத்தில் வைப்பது, தேடும் கட்டத்துக்கு மேலே 'இதில் புத்தகம் மட்டும்; கட்டுரைக்கு இங்கே தொடவும்' என்று எழுதுவது, பட்டியலில் கல்லூரி எந்தப் பெயரில் இருக்கிறது என்று சொல்வது, கடவுச்சொல் எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி சேர்ப்பது. இதற்கு டெண்டர் விட வேண்டுமா?

தமிழ்ப் புத்தகங்கள் விஷயம் தனிக்கதை. எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் பட்டியலில் சிலப்பதிகாரப் பதிப்புகளைத் தேடினார். நம் வழக்கப்படி ஆங்கில 'எஸ்' எழுத்தில் தொடங்கி அடித்தார். அவர் கேட்ட பழைய பதிப்பு ஒன்றும் வரவில்லை. காரணம், அங்கே நூலகர்கள் பின்பற்றுகிற எழுத்துப்பெயர்ப்பு முறையில் நம் சகரத்துக்கு 'சி' எழுத்துதான். ழகரத்துக்கும் றகரத்துக்கும் அடியில் கோடு போட்ட எழுத்து. முறை என்ற அளவில் அதில் குற்றம் இல்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனித்தனிக் குறி வேண்டும் என்று யோசித்துச் செய்தது. ஆனால் தமிழ் தெரிந்தவன் எவனும் சிலம்பை அப்படி ஆங்கிலத்தில் எழுதுவதில்லை என்பதை யாராவது ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால், 'எஸ்' என்று அடித்தாலும் 'சி' என்று அடித்தாலும் ஒரே இடத்துக்குப் போகும்படி வழி செய்திருப்பார்கள். நம் ஊர்ப் பட்டியல்களில் இன்னொரு கூத்து. ஒரே நூலகத்தில் ஒரு நாவல் தமிழ் எழுத்தில் பதிவாகியிருக்கும், அதன் இரண்டாம் பாகம் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருக்கும். பதிந்தவர்கள் இரண்டு பேர். தேடுகிறவன் ஒருவன்.

இனி, நூலகத்தார் சொல்லும் சமாதானங்களுக்கு வருகிறேன். "நாங்கள் கருத்துக் கேட்கிறோமே! பின்னூட்டப் படிவம் வைத்திருக்கிறோம். எண்பது சதவீதம் பேர் 'நன்று' என்று எழுதியிருக்கிறார்கள்" என்பார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவும்போது, பெண்ணைப் பெற்றவர் வந்து "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் "கூட்டில் உப்பு இல்லை" என்று சொல்லியிருக்கிறோம்? "பேஷ்" என்றுதான் சொல்வோம். அனுபவம் உள்ள சமையல்காரர் யாரையும் கேட்க மாட்டார். எச்சில் இலை எடுக்கும் இடத்தில் போய் நிற்பார். எது மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் போதும், அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். மாணவன் மதிப்பெண் போடுகிற கல்லூரிக்கு எதிராக எழுதுவானா? அவன் எழுதியதைப் படிப்பதில் பயனில்லை. அவன் தேடும்போது பார்க்க வேண்டும்.

"அதற்கெல்லாம் நிபுணர் வேண்டும், பணம் வேண்டும்" என்பது அடுத்த சமாதானம். டென்மார்க்கில் பிறந்த யாகோப் நீல்சன் என்பவர் இந்தத் துறையில் பெரிய பெயர். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே ஏறக்குறைய 85 சதவீதக் கோளாறு வெளியே வந்துவிடும் என்று 2000-ஆம் வருஷத்தில் எழுதினார். பெரிய தளங்களுக்கு ஐந்து பேர் போதாது என்று அவரோடு சண்டை போட்டவர்கள் உண்டு. போகட்டும். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கு அல்ல. பதினைந்து பேரை ஒரே தடவை பார்ப்பதைவிட, ஐந்து பேரைப் பார்த்து, திருத்தி, மறுபடி ஐந்து பேர், திருத்தி, மறுபடி ஐந்து பேர் என்று செய்வது மேல் என்றார். ஐந்து பேர், ஒரு பென்சில், ஒரு நோட்டு. எந்தக் கல்லூரியில் இது இல்லை?

"படித்தவர்களுக்குப் புரிகிறதே" என்று ஒரு சமாதானம். 1980-களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் கம்பெனியின் கலிபோர்னிய ஆய்வுக்கூடத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியல் அறிஞர், கம்பெனியின் புது நகல் இயந்திரத்தில் இரண்டு பேரைக் காகிதத்தின் இரு பக்கமும் நகல் எடுக்கச் சொல்லி வீடியோ பிடித்தார். இருவரும் திணறினார்கள். அவர்களில் ஒருவர் ஆலன் நியூவெல், கணினித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருதை 1975-இலேயே வாங்கியவர். இன்னொருவர் ரான் கப்லன், அவரும் பெரிய விஞ்ஞானி. இவர்களுக்கே விளங்காத இயந்திரம் யாருடைய குற்றம்? நகல் எடுக்கத் தெரியவில்லை என்று நியூவெலுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவதா?

மானிடவியல் என்றதும் இன்னொன்று. நியூயார்க் மாநிலத்தில் ராசெஸ்டர் பல்கலைக்கழக நூலகம் நான்சி ஃபாஸ்டர் என்ற மானிடவியல் அறிஞரை வேலைக்கு வைத்துக்கொண்டது. காட்டுவாசிகளையும் மீனவர்களையும் ஆராய்கிற படிப்பைப் படித்தவருக்கு நூலகத்தில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அவர் மாணவர்கள் கையில் கேமராவைக் கொடுத்து, உங்கள் அறை, உங்கள் பை, நீங்கள் படிக்கும் இடம் எல்லாவற்றையும் படம் பிடித்து வாருங்கள் என்றார். வளாகத்தின் வரைபடத்தைக் கொடுத்து, நாள் முழுக்க எங்கெங்கே போனீர்கள் என்று குறிக்கச் சொன்னார். காகிதத்தையும் பேனாவையும் கொடுத்து, உங்களுக்கு வேண்டிய நூலகப் பக்கத்தை நீங்களே வரையுங்கள் என்றார். அந்த ஆய்வு 2007-இல் புத்தகமாகவே வந்தது. நூலகர்கள் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் மாணவர்கள் கட்டுரை எழுதவே உட்காருகிறார்கள் என்பது அங்கே தெரிந்தது. உடனே சில நூலகர்கள் ராத்திரி நேரத்திலும் இருந்து உதவிப் பார்த்தார்கள். இதில் நான் மெச்சுவது கேமராவை அல்ல. மாணவனுக்கு என்ன தேவை என்று நமக்குத் தெரியாது என்று ஒரு நூலகம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதே, அதைத்தான். நம் ஊரில் பதவி ஏற ஏற அந்த வாக்கியம் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

இத்தனைக்கும் வாசகனின் நேரம் வீணாகக்கூடாது என்பதை நூலகத்தின் ஒரு விதியாகவே எழுதி வைத்தவர் நம் சீர்காழிக்காரர். 1931-இல் எஸ்.ஆர்.ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது அது. வருஷாவருஷம் ஆகஸ்ட் 12-இல் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அந்தப் படமும் நூலகப் பக்கத்தில் இருக்கிறது, ஓடும் எழுத்துக்குக் கீழே. அதைத் தாண்டிப் போவதற்குள் வாசகனின் நேரம் போய்விடுகிறது.

நூலகர்களை நான் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். பல கல்லூரிகளில் நூலகர் பதவியே காலி. இருக்கிற ஒருவர் புத்தகம் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், தணிக்கைக்குக் கணக்கு எழுத வேண்டும், தேர்வு நேரத்தில் மேற்பார்வைக்கும் போக வேண்டும். இணையதளத்தில் ஒரு வரியை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. அது கம்ப்யூட்டர் துறையிடம் இருக்கும், அல்லது வருஷ ஒப்பந்தத்தில் எடுத்த வெளி ஆளிடம் இருக்கும். ஆகவே நான் சண்டை போடுவது மேஜைக்குப் பின்னால் இருப்பவரோடு அல்ல. அவரையும் கேட்காமல், மாணவனையும் கேட்காமல், ஐந்து பேர் பிஸ்கெட் சாப்பிட்டுக்கொண்டே எந்த நிறம் வைக்கலாம் என்று முடிவு செய்கிறார்களே, அந்த அறையோடு.

நண்பர் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார். "இப்போது எவன் ஐயா நூலகப் பக்கத்துக்குப் போகிறான்? கூகுள் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்கிற செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது." கூகுள் அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் விட்டது காசு கேட்கிற வாசலில்தான். அரசாங்கம் காசு கட்டித் திறந்து வைத்த வாசல் வேறு இடத்தில் இருந்தது. செயற்கை நுண்ணறிவோ, இல்லாத கட்டுரைக்குக் கூசாமல் தலைப்பும் ஆசிரியர் பெயரும் கொடுக்கிறது. அப்படி ஒரு தலைப்பை எழுதிக்கொண்டு வந்து நூலகரிடம் நீட்டுகிற மாணவர்களைப் பற்றி நூலகர்களே புலம்புகிறார்கள். சரிபார்க்க நூலகப் பக்கத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அது ஒளி ஊடுருவாமல் இருந்தால் எங்கே போய்ச் சரிபார்ப்பது?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு செமஸ்டரிலும் அரைநாள். ஐந்து மாணவர்கள். முதல் மதிப்பெண் வாங்குகிறவனைக் கூப்பிட வேண்டாம், அவன் எப்படியும் கண்டுபிடித்துவிடுவான். மாலைக் கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டு பகலில் கடையில் நிற்கிறவனைக் கூப்பிடுங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பெண்ணைக் கூப்பிடுங்கள். கண் பார்வை இல்லாத மாணவர் ஒருவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள், திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள் உங்கள் ரிப்பன் வெட்டும் படத்தை எப்படிப் படிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் லேபில் வேண்டாம், அவர்களுடைய செல்போனிலேயே செய்யச் சொல்லுங்கள். மூன்று வேலை கொடுங்கள். இந்தப் பாடப்புத்தகம் இப்போது அலமாரியில் இருக்கிறதா? இந்தக் கட்டுரையை ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து படிக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறந்திருக்குமா? மனதில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். முதல்வரும் பக்கத்தில் உட்காரட்டும், ஆனால் பேசக்கூடாது. "அங்கேதான் இருக்கிறதே, பார்!" என்று சொல்லக்கூடாது. எங்கே நின்றார்கள் என்பதை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அடுத்த செமஸ்டரில் எது சரியானது என்று அதற்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

அந்தப் பெண் கடைசியில் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். கட்டுரையை எழுதிய ஆசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்பினாள். அவர் ஏதோ ஒரு தேசத்திலிருந்து இரண்டு நாளில் அனுப்பி வைத்தார். நல்ல மனிதர். 6,000 கோடி ரூபாய்க்கு இதில் வேலை இல்லாமல் போயிற்று.

டைரியில் குறித்த ஐந்து விஷயங்களையும் வெள்ளைத்தாளில் எழுதி அந்தக் கல்லூரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. பதில் வரவில்லை. புதுவையிலோ காரைக்காலிலோ கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிற யாராவது இதைப் படித்தால், எங்கள் வீட்டுத் திண்ணை காலையில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை காலியாகத்தான் இருக்கிறது. நான்கு நாற்காலி உண்டு, வைஃபை உண்டு, காபி வீட்டில் போட்டுத் தருவார்கள். மாணவர்களை மட்டும் நீங்கள் அழைத்து வந்தால் போதும். பென்சில் என்னிடம் இருக்கிறது.